படுக்க வைக்காத பொம்மை

ஆட்டோ அந்த வீட்டு வாசலில் நின்றபோது அன்பரசுவின் மடியில் பொம்மை இருந்தது. பழைய வேட்டித் துணி சுற்றி, கழுத்துக்கு அடியில் கை கொடுத்துப் பச்சைக் குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தான். அதில் ஒரு கீறல் விழுந்தாலும் மாமனார் வீட்டு வாசற்படியை அவன் மிதிக்க முடியாது.

கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில், துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருந்தது அந்த வீடு. யாரோ வியாபாரி கட்டியது, பல வருஷமாய்ப் பூட்டிக் கிடக்கிறது. கதவைத் தள்ளியதும் வௌவால் புழுக்கை நாற்றமும், அதற்கு மேல் கருவாட்டு வாடையும் வந்து முகத்தில் அடித்தன. பேய்ப் படம் எடுக்க இதைவிட நல்ல இடம் வேறு என்ன வேண்டும்?

அன்பரசுவுக்கு மஞ்சக்குப்பத்தில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ. இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவனும் கேமராக்காரன் ராபர்ட்டும் சேர்ந்து லோக்கல் கேபிள் சேனலுக்காக ‘மாலைக்காரி’ என்று ஒரு படம் எடுத்தார்கள். கொலை செய்கிற கல்யாணப்பெண் பொம்மை பற்றிய கதை. ஊரே நடுங்கிப் போனது. ஷோகேஸில் இருந்த பொம்மைகளை எடுத்துப் பரணில் போட்டவர்கள் உண்டு. டீக்கடைக்குப் போனால்கூட, “பார்ட் டூ எப்ப சார்?” என்றுதான் கேட்டார்கள். கேட்டுக் கேட்டு அவனுக்கும் தலைக்கு ஏறிவிட்டது. இனிமேல் கல்யாண வீட்டில் பந்தி வீடியோ எடுக்கிற பிழைப்பு வேண்டாம், இந்த இரண்டாம் பாகத்தோடு தான் டைரக்டர் என்று முடிவே பண்ணிவிட்டான்.

பொம்மை அவன் மனைவி ஸ்ரீமதியின் அப்பா வீட்டுடையது. சிதம்பரத்தில் அவர்கள் வீட்டுக் கொலுவுக்குப் பண்ருட்டியில் வாங்கிய கல்யாண செட். மாப்பிள்ளை, பெண், மேளக்காரர் எல்லாம் காகிதக்கூழில் செய்தவை. பெண் பொம்மை ஒரு முழ உயரம் இருக்கும். மாலை மாற்றுவதற்காக இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து நிற்கும். முதல் படத்துக்கு ஆடி மாசத்தில் வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டான். இந்த முறை ஓ.டி. வீட்டுச் சாவி நவராத்திரியில்தான் கிடைத்தது. கொலுப் படியிலிருந்தே பொம்மையை எடுக்க வேண்டியதாயிற்று.

மாமனார் சுப்பராயலு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்ரீமதிதான் சொன்னாள்.

“எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா விஜயதசமி ராத்திரி கொண்டாந்துடணும். பொம்மைங்களப் படுக்க வச்சாத்தாங்க கொலு முடியும். இல்லன்னா அதுங்க பாவம், நின்னது நின்னபடியே இருக்கும்.”

“கொண்டாரேன், கொண்டாரேன்” என்று சொல்லிவிட்டு வந்தான்.

ராபர்ட் பொம்மை கையிலிருந்த காகித மாலையைக் கழற்றிவிட்டுக் கத்தியைச் செருகினான். கழுத்தில் தூண்டில் நரம்பைக் கட்டி, மறைவில் நின்று இழுத்துத் தலையை அசைக்கப் பார்த்தான். இழுத்தால் மொத்தப் பொம்மையும் ஆடியது. விளக்கை மாற்றினார்கள், புகை போட்டார்கள், உதட்டில் ரத்தம் என்று குங்குமத்தைக் குழைத்துப் பூசினார்கள். ம்ஹூம். அது கண்காட்சியில் வைத்த பொம்மை மாதிரியே நின்றது.

“மச்சான், மொத பார்ட்ல நாம பொம்மையக் காட்டவே இல்ல. கடைசில ஒரு தடவ காட்டினோம், அவ்வளவுதான். இதுல வந்ததுலேர்ந்து அதையே காட்டிக்கினு இருக்கோம். பாக்கறவன் இன்னாத்துக்குப் பயப்படுவான்?” என்றான் ராபர்ட்.

“நீ கேமராவப் பாரு. கதைய நான் பார்த்துக்கறேன்” என்று அன்பரசு எரிந்து விழுந்தான். ராபர்ட் சொன்னது சரி என்று தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம்.

விஜயதசமி அன்று சாயங்காலம், கிளைமாக்ஸ் எடுக்கும்போது செல் அடித்தது. சிதம்பரத்திலிருந்து ஸ்ரீமதி.

“ஏங்க, கெளம்பிட்டீங்களா? எல்லாத்தையும் படுக்க வச்சாச்சு. பொண்ணு ஒண்ணுதான் பாக்கி. அப்பா ஆரத்தித் தட்டோட ஒக்காந்திருக்காரு.”

அன்பரசு பொம்மையைப் பார்த்தான். நாள் பூராவும் போராடி இப்போதுதான் நரம்பு சரியாக நின்றிருந்தது, நிழலும் சுவரில் சரியாக விழுந்திருந்தது. எடுத்தால் கன்டினியூட்டி போயிற்று.

“இன்னிக்கு முடியாது ஸ்ரீ. பாதி சீன்ல நிக்குது.”

“சரி, அங்கயே ஒரு துணிய விரிச்சு ஒரு நிமிஷம் படுக்க வையுங்க. ஒரு நிமிஷம் போதுங்க.”

“வைக்கறேன்.”

“இப்பவே வையுங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

அன்பரசு பொம்மையைத் தொடவில்லை. சும்மா நின்றுவிட்டு, “படுக்க வச்சிட்டேன்” என்றான்.

போனை வைத்தான். ஜெனரேட்டர் சத்தம் எங்கோ தூரத்தில் போனது மாதிரி இருந்தது. கருவாட்டு வாடை போய், வாடின மல்லிகைப்பூ வாடை வந்தது.

யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

“இன்னா மச்சான், டயர்டா?” என்றான் ராபர்ட்.

“நீதானே மூச்சு விட்ட?”

“நானா? நீ விட்டன்னு இல்ல நெனச்சேன்.”

இரண்டு பேரும் பொம்மையைப் பார்க்காமல் சாமான்களைக் கட்டினார்கள். ரிலீஸ் அன்று வாசலில் வைக்க வேண்டும் என்று அன்பரசு பொம்மையைத் திருப்பிக் கொடுக்காமல் ஸ்டுடியோ அலமாரியில் நிறுத்திவைத்தான்.

பள்ளிக்கூடம் திறந்ததும் ஸ்ரீமதி மகளோடு மஞ்சக்குப்பம் வந்துவிட்டாள். மகள் சிவகாமிக்கு நாலு வயது, எல்.கே.ஜி. அந்த வாரமே டீச்சர் ஜெயராணி அன்பரசுவைக் கூப்பிட்டு அனுப்பினாள். மதியம் பிள்ளைகளைப் பாயில் தூங்க வைக்கிற நேரம் அது.

“நீங்களே பாருங்க சார்.”

ஜன்னல் வழியாகப் பார்த்தான். அத்தனை பிள்ளைகளும் படுத்திருந்தன. நடுவில் சிவகாமி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை, ஆடவில்லை. சும்மா நின்றாள்.

“படுன்னா படுக்க மாட்டேங்குது. கையப் புடிச்சுப் படுக்க வச்சாலும், திரும்பிப் பாக்கறதுக்குள்ள நிக்குது. வீட்ல ஏதாவது மெரட்டினீங்களா?”

“அடம் டீச்சர். அவங்க அம்மா குடுக்கற செல்லம்” என்று சொல்லிவிட்டு எடிட்டிங்குக்கு ஓடினான்.

வீட்டிலும் அதே கதைதான். ஸ்ரீமதி தூக்கிப் போட்டுத் தட்டிக் கொடுப்பாள். கண் அசந்து விழித்தால் பிள்ளை கட்டிலின் கால்மாட்டில் நின்றிருக்கும். பாதம் வீங்கிவிட்டது. கண் இரண்டும் கோவைப்பழமாய்ச் சிவந்துவிட்டன. டாக்டர் தூங்க மருந்து எழுதிக் கொடுத்தார். மருந்தைக் குடித்துவிட்டும் நின்றாள். “இப்படியே போனா சின்ன ஒடம்பு தாங்காதும்மா” என்றார் டாக்டர்.

ஸ்ரீமதி அழுதாள். “நெசமாச் சொல்லுங்க. அன்னிக்குப் பொம்மையப் படுக்க வச்சீங்களா இல்லியா?”

“வச்சேன்னு சொன்னேன்ல? பட வேல கழுத்து வரைக்கும் கெடக்கு, நீ வேற!”

வேலை உண்மையில் கழுத்து வரைக்கும்தான் கிடந்தது. எந்தப் பக்கம் வெட்டி ஒட்டினாலும் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அவன் விடவில்லை. சி.டி. போட்டு, ராபர்ட்டோடு பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாக அலைந்து, டி.வி. வைத்த தனியார் பஸ்களுக்கெல்லாம் கொடுத்தான். கடலூர் ரூட், பண்ருட்டி ரூட், மங்கலம்பேட்டை வழியாகப் போகிற பஸ், ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. “ஞாயித்துக்கெழம ரிலீசு. அப்பாலிக்கா நாள் பூரா போடுங்கண்ணே” என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தைப் பிடித்து, திரை கட்டிப் படத்தைப் போட்டார்கள். வாசலில் மேஜை மேல் கத்தியோடு பொம்மையை நிறுத்தினான். கூட்டம் நன்றாகத்தான் வந்தது. ஸ்ரீமதியும் சிவகாமியோடு வந்திருந்தாள்.

பொம்மை முதலில் வந்த காட்சியில் ஒருத்தன் சிரித்தான். அப்புறம் மண்டபமே சிரித்தது.

“டேய், நரம்பு தெரியுதுடா!”

“அந்தப் பொம்மைய ஒக்கார வையுங்கப்பா! எம்மா நேரம் நிக்கும்? கால் வலிக்கப் போவுது!”

கடைசிக் காட்சியில் பொம்மை நின்றபடியே பார்க்க, மூன்றாம் பாகம் வரும் என்று எழுத்து ஓடியது. “வேணாம்டா சாமி!” என்று ஒரு குரல். விசில். அன்பரசுவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு வருஷக் கனவு, ஊர் கூடிக் கைகொட்டிச் சிரிக்கிறது. எழுந்து நாலு பேரை அறைய வேண்டும்போல் இருந்தது.

அப்போதுதான் பின்வரிசையில் ஒருவர், “பாப்பா, ஒக்காரும்மா. மறைக்குது” என்றார்.

அன்பரசு திரும்பினான்.

சிவகாமி நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கை இரண்டும் நெஞ்சுக்கு நேரே உயர்ந்திருந்தன, தலை லேசாகச் சாய்ந்திருந்தது.

திரையிலும் அதே கை. அதே சாய்வு.

“ஏம்மா நிக்கற?” அவள் முன்னால் போய்க் குனிந்து கேட்டான்.

“அக்கா நிக்கிறாங்களேப்பா. அவங்க படுத்தாத்தான் நான் படுக்க முடியும்.”

மேஜை மேல் இருந்த பொம்மையைத் தூக்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்கு ஓடினான். பின்னாலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீமதி ஓடி வந்தாள். போகும் வழியிலேயே உண்மையைச் சொன்னான். அவள் நடுத்தெருவில் நின்று அவனைப் பார்த்தாள். “ஒரு நிமிஷந்தானங்க கேட்டேன்” என்றாள்.

சுப்பராயலு கொலுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே மாப்பிள்ளை பொம்மை தனியாகப் படுத்திருந்தது. கத்தியைப் பிடுங்கிப் போட்டு, முகத்தைத் துடைத்து, வேறொரு மாலையை மாட்டினார்கள். ஸ்ரீமதி ஆரத்தி சுற்றி, நடுங்குகிற குரலில் தாலாட்டு பாடினாள். அன்பரசு பொம்மையைச் சாய்த்தான்.

சாயவில்லை.

காகிதக்கூழ் பொம்மை, உள்ளே வெறும் கூடு. மாமனாரும் கை கொடுத்தார். இரண்டு ஆண்கள் அழுத்தியும் அசையவில்லை.

அன்பரசு தரையில் விழுந்தான். “தப்பு எம்மேலதான் தாயி. பொய் சொல்லிட்டேன். எம்பொண்ணு இன்னா பண்ணா? நீ படுத்துக்க தாயி, படுத்துக்க” என்று குலுங்கிக் குலுங்கி அழுதான்.

மாமனார் கையில் இருந்த கனம் இறங்கியது. பொம்மை தானாகச் சாய்ந்து மாப்பிள்ளை பக்கத்தில் படுத்தது. பெட்டியை மூடும்போது, சிவகாமி பெரிதாக ஒரு கொட்டாவி விட்டு அப்பா தோளில் விழுந்தாள். அப்படியே தூங்கிப்போனாள்.

மாமனார், “இருந்து காலையில போங்க மாப்ள” என்றார். அந்தப் பெட்டி இருக்கிற வீட்டில் ஒரு நிமிஷம்கூட இருக்க அவனுக்குத் தைரியம் இல்லை. பொழுது சாயும் நேரம், கடலூர் பஸ்ஸில் ஏறினார்கள். பிள்ளை மடியில் கிடந்து லேசாகக் குறட்டை விட்டது. படம் நாசமாய்ப் போகட்டும், இந்தக் குறட்டை போதும் என்று நினைத்துக்கொண்டான்.

பி.முட்லூர் தாண்டியதும் ராபர்ட் போன் பண்ணினான்.

“மச்சான், நம்ம படம் ஹிட்டுடா! பஸ்காரங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கூப்புடறாங்க. ஜனங்க சிரிச்சே சாவறாங்களாம். காப்பி ஜாஸ்தி வேணுமாம்!”

அன்பரசு பதில் சொல்வதற்குள் கண்டக்டர் டி.வி.யைப் போட்டார். திரையில் ‘மாலைக்காரி – பாகம் இரண்டு’ என்று வந்தது. ஒரே ஒரு வினாடி அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொம்மை வந்தது. பஸ் சிரித்தது.

மடி லேசானது.

சிவகாமி சீட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். கை இரண்டும் நெஞ்சுக்கு நேரே.

“படுத்துக்கடா கண்ணு. அவங்களத்தான் படுக்க வச்சிட்டமே!”

பிள்ளை டி.வி.யைக் காட்டியது. “அதோ, நிக்கிறாங்களேப்பா.”

அன்பரசு சீட்டு சீட்டாக இடித்துக்கொண்டு ஓடினான். “நிறுத்துங்க! நிறுத்துங்கண்ணே!”

“இன்னா சார், நீங்கதான நாள் பூரா போடச் சொன்னீங்க?” என்று முனகிக்கொண்டே கண்டக்டர் டி.வி.யை அணைத்தார்.

திரை கறுத்தது. சிவகாமி அப்படியே நின்றாள். இப்போது அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிரே, சிதம்பரம் போகிற பஸ் ஒன்று புதுச்சத்திரம் பக்கமிருந்து வந்தது. உள்ளே நீல வெளிச்சம். சிரிப்புச் சத்தம் ரோட்டிலேயே கேட்டது.

“அந்த பஸ்ல நிக்கிறாங்கப்பா” என்றாள் சிவகாமி.

ஸ்ரீமதி அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளும் அந்த பஸ்ஸைத்தான் பார்த்தாள். டிரைவருக்குப் பின்னால், சிரிக்கிற ஜனங்களுக்கு நடுவே, யாரோ பெற்ற குழந்தை ஒன்று கை இரண்டையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிக்கொண்டு நின்றது.