பத்து ஐம்பத்தைந்துப் படம்

"ஐயா, என்ட மனுசனைக் கள்ளன் எண்டு கலியாண மண்டபத்தில மறிச்சு வச்சிருக்கினம்," என்றாள் நஸ்மியா. கதிரையில் இருக்கச் சொல்லியும் அவள் இருக்கவில்லை.

பரமேஸ்வரன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். இருபது வருடம் நீதிமன்றப் பதிவாளராக இருந்தவர். புளியங்குளத்தில் ஒரு பிரச்சினை என்றால் சனம் முதலில் அவர் வீட்டுக்குத்தான் வரும்.

எதிரே இருந்த பாலன் தலையைக் குனிந்துகொண்டான். இந்தக் கதையைச் சொல்லத்தான் அவனும் வந்திருந்தான். பாதியில் நிறுத்தியிருந்தான்.

நஸ்மியா வவுனியாவிலிருந்து வந்திருந்தாள். ஓமந்தை தாண்டியதும் எல்லோரும் செய்வது போலக் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் திருப்பியிருந்தாள். அரசாங்கத்தின் புதிய நேரம் அங்கே. இயக்கத்தின் கையிலிருந்த வன்னியில் பழைய நேரம்.

"நாலு மணிக்குக் காவல்துறையிட்டக் குடுக்கப் போகினமாம். குடுத்தா அவருக்கு இனி இஞ்சால வரப் பாஸ் இல்லை. கடனுக்கு வாங்கின கமரா ஐயா. போன கிழமைதான் வந்தது. புத்தகம் இங்கிலீசில. நான்தான் வீட்டில இருந்து வாசிச்சு, திகதி, நேரம் எல்லாம் சரியா வச்சுக் குடுத்தன்."

"மிச்சத்தை நீர் சொல்லும்," என்றார் பரமேஸ்வரன் பாலனிடம்.

பாலன் சொன்னான். நேற்று வீரபாகுவின் மகளுக்குக் கலியாணம். பெண்ணின் அறையில் தட்டில் வைத்திருந்த பதக்கச் சங்கிலியைக் காணவில்லை. பத்தரைக்குப் பெண்ணை மணவறைக்குக் கூட்டிப்போனதும் மண்டபப் பொறுப்பாளர் ஆண்டியப்பன் அறையைப் பூட்டிவிட்டார். நகைத் தட்டைப் படம் எடுத்தவர் கலியாணப் படத்துக்கு வந்த நஸ்மியாவின் கணவர் மஸாஹிர். பூட்ட முதலே எடுத்ததாக அவர் சொன்னார். தலையலங்காரத்தில் இருந்த மணப்பெண் அதைக் கவனித்திருக்கவில்லை.

"அப்ப நான்தான் ஐயா..." பாலன் இழுத்தான். அவனும் ஸ்ரூடியோக்காரன். அந்தக் கமராவை நேற்று முழுக்கப் பார்த்து ஏங்கியவன். "எட்டு மெகாபிக்சல். முந்தின மொடல் முழிக்கவே ரண்டு மூண்டு செக்கன் எடுக்கும். இது அமத்தின உடன படம் பிடிக்கும். செக்கனுக்கு அஞ்சு படம். எடுத்த படத்தைத் திரையில பத்து மடங்கு பெருப்பிக்கலாம். எந்தப் படம் எத்தினை மணிக்கு எண்டு செக்கனோட எழுதி வைக்கும். அதைக் காட்டுற ஆசையில பட்டனை அமத்தி, எல்லாருக்கும் முன்னால நகைத் தட்டுப் படத்தின்ர நேரத்தை வாசிச்சுப் போட்டன். பத்து ஐம்பத்தஞ்சு."

"அதுக்குப் பிறகு?"

"ஆண்டியப்பன் அண்ணை சொன்னார், ஓம், அறைக்குள்ள வச்ச பற்றரியை எடுக்க வேணுமெண்டு மஸாஹிர் கேட்டவர், தான்தான் திறந்து விட்டதாம். அப்ப தன்ர மணிக்கூட்டில சரியாப் பத்து ஐம்பத்தஞ்சாம்."

"நீர் வாசிச்ச பிறகுதான் சொன்னவரோ?"

"ஓம்."

பரமேஸ்வரன் எழுந்து சட்டையை மாட்டினார்.

மண்டபத்தில் வாழை கட்டியபடியே நின்றது. மஸாஹிர் ஒரு மூலையில் பாயில் இருந்தார். மனைவியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கமரா வீரபாகுவின் மேசையில் இருந்தது.

"பதிவாளர் ஐயா, கமராவே சாட்சி சொல்லுது. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் வீரபாகு.

"அதைத்தான் விசாரிக்க வந்தனான்." பரமேஸ்வரன் ஆண்டியப்பன் பக்கம் திரும்பினார். "மணி என்ன?"

ஆண்டியப்பன் கையைப் பார்த்தார். "மூண்டு பத்து."

மணவறைக்கு மேலிருந்த சுவர் மணிக்கூட்டிலும் மூன்று பத்துத்தான்.

"நல்ல மணிக்கூடு. பாலன், தாலி கட்டின படத்தை எடும். மேல சுவர் மணிக்கூடு விழுந்திருக்கோ? பெருப்பியும்."

பாலன் பெருப்பித்தான். அவனுடைய பழைய கமராவென்றால் இந்த இடத்தில் வெறும் கறைதான் தெரியும். இதில் முள்ளே தெரிந்தது.

"பத்து நாப்பது, ஐயா."

"கமரா எழுதின நேரம்?"

பட்டனை அமத்தினான். வாசிக்கச் சில வினாடி பிடித்தது.

"பதினொண்டு பத்து."

நஸ்மியா வாயைப் பொத்திக்கொண்டாள். "அல்லாஹ், நான் வீட்டு மணிக்கூட்டைப் பாத்து வச்சன்..."

"நீங்கள் சரியாத்தான் வச்சனீங்கள், பிள்ளை. வவுனியா நேரம். உங்கட மனுசன் கைமணிக்கூட்டைத் திருப்பினவர். கமராவுக்குள்ள ஒண்டு ஓடுறதை நினைக்கேல்லை. நகைப் படம் எடுத்தது எங்கட நேரம் பத்து இருபத்தஞ்சுக்கு. அறை பூட்ட முதல்."

"நேரம் முன்ன பின்ன இருக்கும்," என்றார் ஆண்டியப்பன் அவசரமாக. "நான் திறந்து விட்டது உண்மை."

"பாலன், கமராவில பதினொண்டு இருபத்தஞ்சுக்கு எடுத்த படம்."

படம் வந்தது. சுவர் மணிக்கூட்டில் பத்து ஐம்பத்தைந்து.

"வீரபாகு, இதில நிக்கிறது ஆர்?"

"நான். சம்பந்தியாக்களோட."

"படம் எடுத்தவர்?"

வீரபாகு மூலையைப் பார்த்தார். "இவர்தான். ஆடாமல் நில்லுங்கோ எண்டு என்னையே அதட்டினவர்."

"ஆண்டியப்பன், உம்மட மணிக்கூடு எங்கட நேரத்தில ஓடுது. பத்து ஐம்பத்தஞ்சுக்கு அதைப் பாத்திருந்தா, மஸாஹிர் உமக்கு முன்னால நிண்டிருக்கேலாது. அந்த நேரத்தை நீர் கையில பாக்கேல்லை. பாலன் வாசிக்கக் கேட்டீர். கேட்ட பிறகுதான் உமக்குப் பற்றரிக் கதை வந்தது. பொய்யை ஏன் சொன்னீர்? அந்த அறைப் பூட்டின்ர திறப்பு உம்மட இடுப்பில மட்டும்தான் இருந்தது."

ஆண்டியப்பனின் கண் ஒருமுறை சாமான் அலுமாரிப் பக்கம் போய் வந்தது. பாலன் அதைக் கண்டான். வீரபாகுவும் கண்டார்.

அலுமாரிக்குள் இருந்த குத்துவிளக்கின் கூடான அடிப்பாகத்துக்குள் பழைய துணி. துணிக்குள் சங்கிலி.

வீரபாகு மஸாஹிரின் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தார். மஸாஹிர் தலையை மட்டும் ஆட்டினார்.

பாலன் கமராவைத் துடைத்துக் கொண்டுபோனான். "அண்ணை, என்ர வாய்தான் உங்களைக் கட்டிப் போட்டது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ." சற்று நின்றான். "நேரத்தை எங்கட நேரத்துக்கு மாத்தி விடட்டோ?"

மஸாஹிர் கமராவை வாங்கிக் கழுத்தில் போட்டார். நஸ்மியா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"தொடாதேங்கோ. அது அவ வச்ச நேரம்."