இடைவேளை தாண்டாதவர்கள்

"இப்ப அந்த சமையக்காரப் பொண்ணு செத்துடுவா, பாரு..."

இருட்டில் ஒரு பெண் குரல். சொல்லி வாய் மூடுவதற்குள் திரையில் கத்தி மின்னியது. சமையல்காரப் பெண் அலறி விழுந்தாள்.

ராஜவேலுவுக்கு எரிச்சல் பொங்கியது. மலை பங்களாவின் வாட்ச்மேன் சாகப்போவதையும் இதே குரல்தான் முன்கூட்டியே சொல்லிக் கெடுத்தது. எழுபத்தாறாம் வருஷம் அது. அமாவாசை, தறிகளுக்கு லீவு. பிள்ளையார்பாளையமே தியேட்டருக்கு வந்திருந்ததில் அவனுக்குக் கிடைத்தது, பெண்கள் பக்கத்தைப் பிரிக்கும் இடுப்பளவுச் சுவரை ஒட்டிய பெஞ்சுதான்.

இடைவேளை விளக்கு எரிந்ததும் திரும்பினான். தோழியோடு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். மழைக்கு முந்தைய வானம்போல் கறுத்த கண்கள்... பாதிக் கோபம் அங்கேயே போயிற்று.

"ஏங்க, பாத்த படத்தையே பாக்க வந்தீங்களா?"

"மொத தடவைதாங்க பாக்கறேன்."

"அப்புறம் எப்படித் தெரியுது?"

"எல்லாரும் யாரை வா, போன்னு பேசுறாங்கன்னு கவனிங்க. அவங்கதான் மொதல்ல சாவாங்க. அப்புறம் அந்தக் கறுப்பா இருக்கற ஃப்ரெண்டு. செவப்பா இருக்குதே எஸ்டேட் பொண்ணு... அதுக்கு ஒரு கீறல்கூட விழாது."

"அவன் ஹீரோவுக்கு உயிர் நண்பங்க!"

"ஆமா. உயிரைக் குடுப்பான்."

சிரித்துவிட்டான். படம் அவள் சொன்னபடியேதான் முடிந்தது. எஸ்டேட் பெண்ணுக்குக் கல்யாணம். சமையல்காரப் பெண்ணுக்காக யாரும் அழவில்லை.

வெளியே தூறல். இருவருக்கும் ஒரே பஸ். பெயர் அன்னம்மாள், ஆசிரியைப் பயிற்சி என்றாள்.

"நீங்க டீச்சரானா பசங்க பாடு திண்டாட்டந்தாங்க!"

அவள் சிரிப்பதற்குள் கண்டக்டர் வந்தார். ஏனாத்தூருக்கு அப்பால் உள்ள தன் ஊரைச் சொன்னான் ராஜவேலு. அவளும் அதே ஊரைத்தான் சொன்னாள்.

"காலனி ஸ்டாப் ஒண்ணு."

ஒரே ஊர், இரண்டு ஸ்டாப்புகள். ஹாஸ்டலில் வளர்ந்தவன், அவளை ஒருநாளும் பார்த்ததில்லை.

"அட, நீ நம்ம காலனியா!" என்றான் சந்தோஷமாக.

'நீங்க', 'நீ' ஆகியிருந்தது. அவன் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதுப் படத்துக்கும் சுவரின் இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். "நீ வரலைன்னா யாரு சாவான்னே தெரிய மாட்டேங்குது" என்பான். அந்த 'நீ' இனித்தது... குத்தியது. மனசுக்குப் பிடித்தவளை 'நீ' என்றுதானே சொல்வார்கள்? இது அந்த 'நீ'யா? இல்லை, அவன் வீட்டுக் களத்தில் நரைத்த தலையோடு நிற்கும் தன் அப்பாவைக் கூப்பிடுவார்களே, அந்த 'நீ'யா? கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்றுதான் அவள் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள், தியேட்டர் வாசல் தகரக் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது அவன் சொன்னான்.

"அன்னம்... எனக்கு உன்னை ரொம்பப் புடிச்சிருக்குது. வீட்ல வெட்டுவேன், குத்துவேம்பாங்க. நான் பாத்துக்கறேன்."

இதற்காகத்தான் காத்திருந்தாள். ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"தியேட்டர்ல நீங்க, நீங்கன்னு பேசினீங்க. பஸ்ஸுல நீன்னீங்க. ஏங்க?"

"அது... பழகிட்டோம்ல, அதான்..."

சொல்லி முடிக்கவில்லை. அன்றைக்கு என்ன பழகியிருந்தார்கள்? பஸ், கண்டக்டர், அவள் வாங்கிய டிக்கெட்... ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, அவன் முகம் வெளுத்தது.

"ஸ்டாப் பேரைக் கேட்டதும்... தானா வந்துடுச்சு, அன்னம். எனக்கே தெரியல..."

தகரத்தின் மேல் மழை இரைந்தது. அவள் கண்கள் நிறைந்து வழிந்தன.

"மொதல்ல ஒண்ணு சொல்ல வந்தீங்களே... பழகிட்டோம்னு. அந்தப் பொய்யவே சொல்லி முடிச்சிருக்கலாம்ல?"

"அன்னம்..."

"நம்பியிருப்பேங்க. அவ்ளோ புடிச்சிருக்குது உங்களை."