மூன்றாவது வாங்கு

புதுக் கட்டடத்தில் எல்லாமே காய்ந்திருந்தது, மூன்றாவது வரிசையில் ஜன்னலோரத்தில் பிள்ளைகள் உட்காரும் வாங்கு ஒன்றைத் தவிர. மஸீஹா டீச்சர் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். மாத்தளையில் மழை விட்டு எட்டு நாளாகிறது. கூரையில் புது ஓடு. சுவரின் சுண்ணாம்பு வாசனையும் பலகையின் வார்னிஷ் வாசனையும் மூக்கை அடைத்துக்கொண்டு நிற்க, அவற்றுக்கு அடியில் ஆற்றுச் சேற்றின் வாடை ஒன்று அவள் குனிந்தபோது மட்டும் வந்து, நிமிர்ந்ததும் போனது. விரலில் மணல் ஒட்டியிருந்தது. மேசன்மார் விட்டுப்போன மணலாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

1968 ஜனவரி. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடமும் இந்தப் பக்கத்து முஸ்லிம் பள்ளிக்கூடமும் இன்று முதல் ஒன்று.

ஸரீனா மஸீஹா டீச்சரின் ஒரே மகள், அவளுடைய வகுப்பிலேயே படித்தவள். 1966 டிசம்பர் வெள்ளத்தில், மரப்பாலத்தோடு சுது கங்கை அவளைக் கொண்டுபோனது. ஏழு நாள் தேடியும் அடக்கம் பண்ண உடம்புகூடக் கிடைக்கவில்லை. கபுர் இல்லாத பிள்ளைக்கு மிஞ்சியது வரவு இடாப்பில் ஒரு வரிதான். இறந்த பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையால் அடிப்பது வழக்கம். டீச்சருக்கு அடிக்கக் கை வரவில்லை. மறு மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் அந்தப் பெயரையும் கூப்பிட்டாள். முதல் நாள் வகுப்பே உறைந்துபோனது. இரண்டாம் நாள் ஸரீனாவின் சிநேகிதி பீபி எழுந்து, "வந்திருக்கா டீச்சர்" என்றாள். பாவம், இரக்கத்தில் சொன்னது. டீச்சரும் வரவு போட்டாள். வருடம் முழுக்க, ஒரு நாள் விடாமல்.

இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் பழகட்டும் என்று, வாங்குக்கு அங்கிருந்து ஒருவர், இங்கிருந்து ஒருவராக உட்காரவைக்கச் சொல்லியிருந்தார் புதுப் பள்ளிக்கூடத்து அதிபர் சுந்தரலிங்கம். அந்த வரிசைப்படியே அவள் புது இடாப்பை எழுதினாள். மூன்றாவது வாங்குக்கு ஸரீனா, அடுத்து நல்லம்மா.

அதிபர் அதைப் பார்த்துக் கோபப்படவில்லை. "டீச்சர், புது இடாப்புல உயிரோட இருக்கிற பிள்ளைங்க மட்டும் இருக்கட்டுங்க. நீங்களே அடிச்சிருங்க" என்றார்.

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு அடித்தாள். ஆறு செய்ததைத் தன் கையும் செய்துவிட்டது என்று அழுதாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாவது வாங்கில் நல்லம்மா தனியாக. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, ஸரீனாவைக் கண்டதும் இல்லை, கேள்விப்பட்டதும் இல்லை. வாங்கு முழுக்க இடமிருந்தும் ஓரத்தில் ஒடுங்கியிருந்தாள்.

டீச்சர் பெயர் கூப்பிட்டாள். புஹாரி. லெட்சுமணன். பிறகு இரண்டாவது வாங்கின் இருவர். நாக்கு அடுத்த பெயருக்கு எழுந்தது. விழுங்கினாள். நல்லம்மா என்றாள். பின் வரிசையில் பீபி தலையைக் குனிந்துகொண்டாள்.

நல்லம்மா எழுந்து நின்றாள்.

"டீச்சர், இந்தப் புள்ளைய கூப்பிடலையே."

"எந்தப் புள்ள?"

"இந்தா, எனக்குப் பக்கத்துல. சட்டையெல்லாம் ஈரம் டீச்சர். நடுங்குது."

வெறும் பலகை. அவள் துடைத்த பலகை. மறுபடி நனைந்துகொண்டிருந்தது.

நல்லம்மா குனிந்து காது கொடுத்தாள். "'நான் ஒரு நாளும் வராம இருக்கலையே, உம்மா'ன்னு அழுவுது."

சேற்று வாடை. இப்போது நிமிர்ந்தும் போகவில்லை.

"ஸரீனா," என்றாள் டீச்சர்.

தரையில் ஈரக் காலடி ஒன்று. இன்னொன்று. மேசை வரை. நின்றது.

இடாப்பின் மேல் தண்ணீர் சொட்டியது. சிவப்புக் கோடு கரைந்தது. மகளின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. கரைந்த சிவப்பு கீழே இறங்கியது. நல்லம்மாவின் பெயர் மேல், இறந்த பிள்ளைக்கு அடிக்கும் அதே கோடாக. அதற்கடுத்த பெயர் மேல். அதற்கும் அடுத்தது.

இடாப்பை மூடினால் நின்றுவிடும். மூடினால் பிள்ளையும் போய்விடும்.

குளிர்ந்த சின்னக் கை ஒன்று அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டது.

மூட அவளுக்குக் கை வரவில்லை.