புகையை இறக்கும் பாட்டு

பாட வந்திருந்தவர்கள், குரல்வகைப்படி: சோப்ரானோ பதினொரு பேர், ஆல்டோ ஒன்பது, டெனர் ஏழு, பேஸ் ஆறு. குழுத் தலைவி கிளாரா மச்சாது. அனல்நிலையத்தின் சார்பில் பொறியாளர் இளம்பரிதி. பாட வராது என்பதால் அவருக்கு நாற்காலி.

சங்குமுனையில் காற்றைப் பாட்டுதான் கழுவியது. முப்பத்துமூன்று பேர் பாடுவதைத் திரட்டொலிக் கோபுரம் பல்லாயிரம் மடங்காக்கி வானத்துக்கு அனுப்பும். அந்த அதிர்வில் கரித்துகள்கள் மோதி, ஒட்டி, கனத்துக் கடலோரத் தொட்டிகளில் விழும். பதிவுசெய்த குரல் பலிக்கவில்லை. ஈரக்காற்று மாறும்போதெல்லாம் சுருதியை இம்மியளவு நகர்த்தப் பாடுகிறவர்களின் காது வேண்டியிருந்தது.

பாடியதெல்லாம் அனல்நிலையத்துக்கு எதிரான பாட்டுகள். கரியை நிறுத்து, கடலைத் திருப்பிக் கொடு. நிர்வாகம் ஆட்சேபிக்கவில்லை. கோபுரத்துக்குச் சொற்கள் தேவையில்லை.

காற்று சுத்தமாக இருந்ததால் இரண்டாவது புகைபோக்கிக்கு அனுமதி கிடைத்தது. இன்று மூன்றாவதற்கு ஆய்வு. அது வந்தால் கிளாராவின் தெரு போகும், நாற்பது வீடுகளோடு.

இன்று யாரும் பாடக் கூடாது, உண்மையான காற்றை ஆய்வாளர் மூச்சில் வாங்கட்டும் என்றாள் கிளாரா. பேஸ் பாடும் அந்தோணி வாஸ் தயங்கினார். அவர் மனைவி பிலோமினாவின் நெஞ்சு அந்தப் புகையை அரை மணி நேரம் தாங்காது. அக்கா வீட்டுக்குப் போகச் சொன்னாலும் கேட்க மாட்டாள்.

"நீங்க எப்பவும் பாதிப் பாட்டுக்கு வாயத்தான அசைப்பீய அண்ணே. இன்னைக்கி அதையும் அசைக்காதீய" என்றாள் கிளாரா.

மற்றவர்கள் சிரித்தார்கள். முடிவாகிவிட்டது.

ஆய்வாளர் கனகவல்லி பதினொரு மணிக்கு வந்தார். பாட்டுக் கூடம் அமைதியாக இருந்தது. இருபது நிமிடத்தில் வெயில் மங்கியது. அவருடைய வெள்ளைச் சேலையில் கரி படிந்தது. துகள்மானியின் முள் சிவப்பைத் தாண்டியது. கிளாரா நிமிர்ந்து நின்றாள்.

கனகவல்லி இருமி முடித்துக் கோப்பைப் புரட்டினார். "இந்தக் குழுவை நிலையத்தோட வடிகட்டின்னு பதிவு பண்ணச் சொல்லி மனு போட்டது யாரு?"

"நான்தான்" என்றாள் கிளாரா.

ஆறு வருடத்துக்கு முன்பு. மாதாகோவில் பாடகர்கள் என்று இளக்காரமாகப் பேசிய ஊருக்கு முன்னால் அவளுக்கு ஓர் அரசு முத்திரை வேண்டியிருந்தது. அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாள்.

"அப்ப நிலையத்து மேல தப்பில்லம்மா. வடிகட்டி நின்னுருக்கு. அது எவ்வளவு புகையத் தாங்குதுன்னு இத்தன நாளா கணக்கே இல்ல. நீங்க நிறுத்துனதுல அது எவ்வளவு புடிச்சிருக்குன்னு முள்ளே காட்டிருச்சு. மூணாவதையும் தாங்கும்."

மூன்றாவதற்கான அனுமதியில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். வடிகட்டியை வெளியாட்கள் நிறுத்தாதபடி நிலையத்தின் பூட்டுக்குள் வைக்க வேண்டும் என்ற விதியை இளம்பரிதி படித்தார். படிக்கும்போது யாரையும் அவர் பார்க்கவில்லை.

கிளாரா வெளியேறினாள். வாசல் கேட் வரைக்கும் போனாள். அவள் தெருவே அங்கே திரண்டிருந்தது, முந்தானையையும் துண்டையும் வாயில் பொத்திக்கொண்டு. பிலோமினா தரையில் உட்கார்ந்து மூச்சுக்கு வாய் திறந்து கொண்டிருந்தாள். பாடச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. கிளாராவையே பார்த்தார்கள்.

அவள் திரும்பி நடந்தாள். கூடத்துக்குள் நுழைந்து கையை உயர்த்தி, கரியை நிறுத்து பாட்டுக்குச் சுருதி கொடுத்தாள். அந்தோணி வாஸ் முதல் அடியிலேயே முழுக் குரலில் சேர்ந்தார்.

இளம்பரிதி வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினார்.