அங்க அடையாளங்கள் இரண்டு

அந்த மச்சம் அழிய மறுத்தது.

திங்கட்கிழமை காலை, முதல் காபியின் சூடு நாக்கில் இருக்கும்போதே அவன் அதை மூன்று முறை அழித்திருந்தான். படத்தில் ஒரு சிறுமியின் கழுத்தும் தோளும். இடது காதுக்குக் கீழே, முடி தொடங்குகிற இடத்தில், மிளகளவு ஒரு மச்சம். பக்கத்துத் தோலில் கொஞ்சம் எடுத்து அதன்மேல் ஒட்டினால் போய்விடும். ஒட்டினான், போனது, பெரிதாக்கிப் பார்த்தான், இருந்தது. ஏசியின் சீரான இரைச்சலும் பக்கத்து மேசைகளில் விசைகள் தட்டுப்படும் சத்தமும் எப்போதும்போல் கேட்டுக்கொண்டிருக்க, அந்தச் சின்னப் புள்ளி மட்டும் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தது. நான்காம் முறை போயேவிட்டது. போகும்போது, திரையிலிருந்தா தன் சட்டையிலிருந்தா என்று தெரியாமல், குழந்தைகளுக்குப் போடும் பவுடரின் வாசனை ஒரு நொடி வந்து கலைந்தது.

அது ஒரு மருத்துவ இதழின் அலுவலகம். அபூர்வமான நோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதி அனுப்பும் கேஸ் ரிப்போர்ட்டுகளை, படிக்கிற மாணவர்களுக்காக அச்சிடுகிற இடம். படத்தில் இருப்பவரை உடன்பிறந்தவர்கள்கூட அடையாளம் காணக் கூடாது. அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். நோய்க்குச் சம்பந்தமில்லாத மச்சம், தழும்பு எல்லாவற்றையும் நீக்க வேண்டும். முகம் தெரிந்தால் கண்களுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. பதினொரு வருடமாக இதே வேலை என்பதால் அலுவலகத்தில் அவனுக்கு ‘பிளாக் பெல்ட்’ என்று பட்டப்பெயர். ஒரு கொசுவைக்கூட முதல் அடியில் அடித்ததில்லை, பேர் மட்டும் பிளாக் பெல்ட்.

பட்டை போடுவதில் அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. முகம் தெரியும் படம் என்றால் முதலில் பட்டை, பிறகுதான் பார்ப்பான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணின் கண்களை நேராகப் பார்த்துவிட்டு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. யாரிடமும் காட்ட விரும்பாத நேரத்தில் எடுத்த முகம் அது. நாம் யார் அதைப் பார்க்க? அதிலிருந்து இடது கைக்கு இரண்டு விசைகளைப் பழக்கிவைத்திருந்தான். ஒன்று, கண்கள் இருக்கும் இடத்தில் பட்டை போடும்; அடுத்தது, சேமித்து அச்சுக்கு அனுப்பிவிடும். டக், டக். படம் முழுதாகத் திறப்பதற்குள் கை முடித்துவிடும். அதை அவன் மரியாதை என்று நினைத்திருந்தான்.

சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் பள்ளிக்கூட விண்ணப்பம் கிடந்தது. மகளுக்குப் பள்ளி மாற்றுகிறார்கள். அடுத்த வாரம்தான் புதுப் பள்ளி என்பதால் அவள் வீட்டில் கிடந்து ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டு வயது. வீட்டில் ‘வாலு’ என்று கூப்பிடுவார்கள், காரணம் கேட்க வேண்டியதில்லை. மனைவி பாதி எழுதிவிட்டு மீதியை அவனிடம் தள்ளினாள். ‘அங்க அடையாளங்கள் இரண்டு’ என்ற இடத்தில் அவன் யோசிக்காமல் எழுதினான். இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம். வலது மணிக்கட்டில் ஒரு தழும்பு. அடியில் நீளமாக ஒரு வால் இழுத்து, இரண்டு புள்ளி வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

“யாருக்கு மச்சம்?” என்றாள் மனைவி, எட்டிப் பார்த்து.

“யாருக்கா? நம்ம வாலுக்குதான்.”

“அவளுக்கு எங்கங்க மச்சம் இருக்கு? உங்க தங்கச்சிக்கு இருக்கு, கழுத்து நெறைய.”

வாலு வாய் நிறைய பிஸ்கட்டோடு வந்து நின்றாள். அவன் முடியை ஒதுக்கினான். மச்சம் இல்லை. விளக்குக்குக் கீழே இழுத்துவந்து, அவள் “கூசுதுப்பா” என்று நெளிய நெளியப் பார்த்தான். முக்கோணமாக மூன்று நுண்துளைகள், நடுவில் வளைந்த ஒரு பூனைமுடி. அதற்கு ஒட்டினாற்போல் அதே மூன்று துளைகள், அதே வளைவோடு அதே பூனைமுடி. பக்கத்துத் தோலை எடுத்து ஒட்டினால் அப்படித்தான் வரும். இவ்வளவு அருகில் பார்ப்பவருக்குத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. இவ்வளவு அருகில் பார்ப்பதுதான் அவன் தொழில்.

“சரி, அடிச்சு எழுதுங்க. வயசாகுதில்ல, குழப்பம் வரத்தான் செய்யும்” என்று சிரித்தாள் மனைவி. அவளே ஸ்கேல் வைத்து அந்த வரியின்மேல் கறுப்பு மையால் அழுத்திக் கோடு போட்டாள்.

அன்று மகள் தூங்கும்வரை அவள் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்தான். பிறை வடிவத் தழும்பு கட்டைவிரலில் தட்டுப்பட்டது. நான்கு வயதில் இஸ்திரிப் பெட்டியில் கை வைத்த தழும்பு. மனைவி அழுதுகொண்டே அந்த நீலப் பெட்டியைக் குப்பையில் எறிந்தாள். அதற்குப் பிறகு வீட்டில் இஸ்திரிப் பெட்டியே கிடையாது. இதாவது இருக்கிறதே என்று அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை முதல் வேலையாக மூலப் படத்தைத் தேடி எடுத்தான். மச்சத்தை வெட்டி எடுத்துத் திரும்ப ஒட்டிவிடலாம் என்று நினைத்திருந்தான். மூலப் படத்திலும் மச்சம் இல்லை. அதே கோப்பில் இரண்டாம் படம் காத்திருந்தது. ஒரு குழந்தையின் வலது மணிக்கட்டு. பிறை வடிவத் தழும்பு. கூடவே மதிப்பாய்வாளரின் குறிப்பு: ‘தழும்பு நோய்க்குத் தொடர்பற்றது. நீக்கவும்.’

அவன் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

படங்களோடு வரும் எழுத்தை அவன் ஒருநாளும் படித்ததில்லை. அது அவன் வேலையில்லை. அன்று படித்தான். ‘எட்டு வயதுச் சிறுமி. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. உடலிலுள்ள அடையாளங்கள் ஒவ்வொன்றாக மறைந்துவருகின்றன. தாய் எந்த மாற்றத்தையும் உணரவில்லை. முதலில் கவனித்தவர் தந்தை. காரணம் தெரியவில்லை, சிகிச்சை இல்லை. தந்தைக்கு மனநல ஆலோசனை பரிந்துரைக்கப்பட்டது.’ கடைசியில் படங்களின் பட்டியல். ஒன்று, கழுத்து. இரண்டு, மணிக்கட்டு. மூன்று, முகம்.

ஆசிரியர் அறைக்கு ஓடினான். இதழின் ஆசிரியர் ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர், எல்லோருக்கும் டாக்டரம்மா.

“இந்தப் பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியணும் டாக்டரம்மா.”

“நமக்கே தெரியக்கூடாதுன்னுதானேப்பா உங்களுக்குச் சம்பளம் குடுக்கறோம்?”

“எழுதி அனுப்பினது யாருன்னாவது சொல்லுங்க.”

“மதிப்பாய்வு முடியறவரைக்கும் அவங்க பேரையும் மறைச்சுத்தான் வெச்சிருப்போம். பதினோரு வருஷமா இங்கதானே இருக்கீங்க பெல்ட்டு?” அவர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். “ஒப்புதல் சரியா இருக்கான்னு கவலையா? பாருங்க, அப்பாவே கையெழுத்துப் போட்டிருக்காரு.”

பெயரின்மேலும் கையெழுத்தின்மேலும் கறுப்புப் பட்டை. அந்தப் பட்டை அவன் திங்கட்கிழமை போட்டதுதான். பட்டைக்குக் கீழே கையெழுத்தின் வால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. வாலுக்கு அடியில் இரண்டு புள்ளி.

திரும்பி வந்தபோது அவன் நாற்காலியில் பக்கம் வடிவமைக்கும் லேஅவுட் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்தாள்.

“காலைலேருந்து மொகமே சரியில்ல தம்பி. ரெண்டாவது படம் அப்படியே தொங்கிட்டிருந்துச்சா, நானே முடிச்சிட்டேன். தழும்பு இருந்த எடமே தெரியல பாருங்க. மொதல்ல டீயைக் குடிங்க.”

அவனால் கோபப்படக்கூட முடியவில்லை. நல்லது செய்துவிட்டு நிற்கிறவளை என்னவென்று திட்டுவது? டீயை வாங்கிக் குடித்தான்.

வீட்டுப் படியேறும்போதே சூடான துணியின் வாசனை வந்தது. மனைவி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நீலப் பெட்டி. கைப்பிடியில் அதே பழைய விரிசல்.

“இதை எப்ப வாங்கின?”

“வாங்கினேனா? கல்யாணத்துக்கு உங்க அக்கா குடுத்ததுங்க. இத்தனை வருஷமா இதுலதானே உங்க சட்டையெல்லாம் போடறேன்?” அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “என்னங்க ஆச்சு உங்களுக்கு? ஒரு நல்ல டாக்டரைப் பாக்கலாமா?”

உள்ளே வாலு கட்டிலில் உட்கார்ந்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வழவழவென்று இருந்தது. அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“இங்க ஒண்ணு இருந்துச்சுல்லப்பா?”

“இருந்துச்சுடா.”

“அம்மாகிட்ட சொன்னா சிரிக்கறாங்க. எனக்கு பயமா இருக்குப்பா.”

“பயப்படாத. அப்பா பாத்துக்கறேன்” என்றான். அவள் நம்பினாள். உடனே நம்பிவிட்டாள், அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

புதன்கிழமை நண்பகலோடு இதழ் முடிய வேண்டும். மூன்றாம் படம் பட்டியலில் அப்படியே இருந்தது. திறக்காமலே அழித்தான். மறுபடி வந்து உட்கார்ந்தது. அழித்தான். வந்தது. எதிர்மேசையிலிருந்து லேஅவுட் அக்கா, “நான் முடிச்சுக் குடுக்கவா தம்பி?” என்றாள். “வேண்டாம்க்கா, நானே பாத்துக்கறேன்” என்றவன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. வீட்டுக்குப் போன் செய்தான். வாலுதான் எடுத்தாள். ஜன்னலில் ஒரு புறா வந்திருக்கிறதாம், ஒரு கால் இல்லையாம், பாவமாம். அவளுக்குக் கண் தெரிகிறது. எல்லாம் தெரிகிறது.

வேறு யாருடைய குழந்தையாகவாவது இருக்கலாமே. மச்சம் யாருக்குத்தான் இல்லை? தனக்குத்தான் கோளாறு என்றால், அந்த ரிப்போர்ட்டில் எழுதியிருப்பதுபோல் தனக்கு மட்டும்தான் கோளாறு என்றால், எவ்வளவு நிம்மதி. ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டால் போதும். திறப்போம். பார்ப்போம். எதையும் தொட வேண்டாம்.

மணி பதினொன்று ஐம்பது. ஏசி நின்றிருந்ததா, அவன் காதுதான் அடைத்ததா, தெரியவில்லை. சத்தமே இல்லை. பவுடர் வாசனை வந்தது. இந்த முறை போகவில்லை.

வலது கையால் படத்தைத் திறந்தான்.

டக், டக்.

இடது கை.

அவன் குனிந்து தன் இடது கையைப் பார்த்தான். பதினொரு வருடப் பழக்கம். இரண்டு விரல்கள், இரண்டு விசைகள். திரையில் பச்சையாக ஒரு வரி: அனுப்பப்பட்டது.

பிறகுதான் படத்தைப் பார்த்தான். முன்பல் விழுந்த சிரிப்பு. உதட்டோரம் பிஸ்கட் தூள். நீல ஹேர்பேண்ட், நேற்றுக் காலை அவனே போட்டுவிட்டது. நடுவில் கறுப்பு.

பட்டையை நீக்கப் பார்த்தான். நீங்கவில்லை. முந்தைய நிலை. இல்லை. மூலப் படம். அதிலும் பட்டை. கணினியின் வயரைப் பிடுங்கி அணைத்தான். போட்டான். பட்டை.

“முடிச்சாச்சா பெல்ட்டு? சபாஷ்” என்றார் டாக்டரம்மா, பின்னாலிருந்து.

“இது என் பொண்ணு டாக்டரம்மா.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தார். உண்மையாகவே அக்கறையோடு கேட்டார். “முகம்தான் தெரியலையேப்பா, எப்படிச் சொல்றீங்க?”

ஓடினான். தெருவெல்லாம் வெயில். கண்ணாடிக் கதவுகளில் வெயில், வண்டிகளின் தகரத்தில் வெயில். காலுக்கடியில் அவன் நிழல், குட்டையாக, கறுப்பாக. எங்கே பார்த்தாலும் வெளிச்சம். வீட்டுப் படி. இரண்டிரண்டாக. கதவு திறந்திருந்தது.

மனைவி மேசையில் விண்ணப்பத்தோடு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கலவரம் எதுவும் இல்லை.

“வந்துட்டீங்களா? நல்ல வேளை. பள்ளிக்கூடத்துலேருந்து போன் பண்ணாங்க. அடையாளம் எழுதாம அனுப்பக் கூடாதாம். ஒண்ணு எழுதிட்டேன். இன்னொண்ணு என்னங்க எழுதறது?”

அவன் தாளைப் பார்த்தான். கோடுபோட்டு அடித்த இரண்டு வரிகளுக்குக் கீழே, அவளுடைய குண்டு குண்டான கையெழுத்து.

‘கண்களுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை.’

உள்ளறையில் சுவரைத் தடவும் சத்தம். ஒரு நாற்காலி இடிபட்டு நகர்ந்தது. நீல ஹேர்பேண்ட் முதலில் தெரிந்தது, பிறகு கதவு நிலையைப் பிடித்த விரல்கள், பிறகு முகம். காலடிச் சத்தம் யாருடையது என்று கேட்க அவள் தலையைச் சாய்த்தாள். தலை சாய்ந்தது. பட்டை சாயவில்லை. படத்தில் இருந்ததுபோலவே நேராக, நான்கு மூலையும் கூராக, காற்றில் அப்படியே நின்றது.

“அப்பாதானே?”

ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. தரையெங்கும் வெயில் கிடந்தது.

“கரண்ட் எப்பப்பா வரும்?” என்றாள் வாலு.