எல்லைக் கல்லின் மறுபக்கம்

வெதர்லோ கிராமத்தின் கடைசி எல்லைக் கல்லுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது நண்பகல் தாண்டியிருந்தது. காலையிலிருந்து வேலி ஏறிக் குதித்து, சேறு மிதித்து, மாடுகளின் முறைப்பையெல்லாம் வாங்கிக்கொண்டு நடந்ததில் என் காலுறை நனைந்து, பொறுமையும் போயிருந்தது. மே மாதம் என்று பெயர்தான். ஓடையோரத்தில் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது.

என் மகள் மேபலுக்கு மட்டும் களைப்பே இல்லை. ஏழு வயது. கையிலிருந்த வில்லோ குச்சியால் வழியில் கண்ட கல், மரம், என் முழங்கால் என்று எதையும் விடாமல் அடித்துக்கொண்டே வந்தாள்.

அன்றைக்கு அடிப்பதுதான் வேலையே. இயேசுவின் விண்ணேற்றத் திருநாளுக்கு முந்தைய நாள் ஊர் எல்லையைச் சுற்றி நடந்து, எல்லைக் கற்களைக் குச்சியால் அடிப்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். ஒவ்வொரு கல்லிலும் ஒரு பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து, தலையைக் கல்லில் மெல்லத் தட்டுவார்கள். வரைபடம் இல்லாத காலத்தில் பிள்ளைகளின் மண்டைதான் ஊருக்கு வரைபடம். தட்டு வாங்கிய பிள்ளை கிழவனானாலும் அந்த இடத்தை மறக்காது என்பது நம்பிக்கை. முடிந்ததும் ஓர் இனிப்பு பன் கிடைக்கும்.

வெதர்லோவில் இந்த நடை என் அப்பா காலத்திலேயே நின்றுபோயிருந்தது. ஏன் என்று யாரும் சொன்னதில்லை. எங்கள் புதுப் போதகர் ஜூடித்தான் அதைத் தூசி தட்டி எடுத்தார். தங்கமான மனுஷி. ஆனால் ஒரு யோசனை அவர் தலையில் ஏறிவிட்டால் இறங்காது.

கடைசிக் கல் பாதி மண்ணில் புதைந்து, பாசி பிடித்து நின்றது. அதை ஒட்டி ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஆல்டர் மரங்கள் நெருக்கமாக, உள்ளே ஒன்றும் தெரியாதபடி இருந்தன. வழியெல்லாம் கத்திய பறவைகள் அங்கே வாயைத் திறக்கவில்லை.

"இந்தக் கல்லு மேபலுக்கு. எட்மண்ட், நீங்களே புடிங்க," என்றார் ஜூடித், போனை நீட்டிக்கொண்டு. நான் மேபலின் கணுக்கால்களைப் பிடித்துத் தூக்கினேன். "ஐயோ, மூஞ்சி இருட்டடிக்குதே. அப்படியே திரும்பி, பிள்ளை ஓடையப் பாக்கற மாதிரி நில்லுங்க. ஆங், இப்ப வெளிச்சம் அள்ளுது! சபைப் பத்திரிகைல இதான் அட்டைப் படம்."

திரும்பி நின்றேன்.

"அப்பா, மெதுவாப்பா! மண்டைக்குள்ள இருக்கறதெல்லாம் கொட்டிடும்!" மேபல் தலைகீழாகத் தொங்கியபடி கெக்கலித்தாள்.

தட்டினேன். முட்டை உடைக்கும் அளவுக்குக்கூட அல்ல.

சிரிப்பு நின்றது.

நனைந்த கம்பளியின் வாடை குப்பென்று வந்தது. எங்களில் யாரும் கம்பளி போட்டிருக்கவில்லை. அவளை நிமிர்த்தி நிறுத்தினேன். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள், சுற்றிலும் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ரொம்ப நன்றி, ஐயா," என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வரும் வழியில் அவள் எதையும் அடிக்கவில்லை. குச்சியைக் கல்லருகிலேயே போட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஊர் மண்டபத்தில் தேநீர் தயாராக இருந்தது. முழங்கால் வலி என்று நடைக்கு வராத வில்ஃப் டிரான்டர்தான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டியவர், ஊரில் எவரையும் வம்புக்கு இழுக்காமல் விடமாட்டார். பெரியவர்கள் தங்கள் சின்ன வயது நினைவுகளைச் சொல்ல வேண்டும் என்று ஜூடித் கேட்டுக்கொண்டார். எல்லோரும் பன்னை மென்றார்களே தவிர யாரும் வாய் திறக்கவில்லை.

மேபல் எழுந்து நின்றாள்.

"ரொட்டி வண்டி இழுக்கற குதிரைக்கு டச்சஸ்னு பேரு," என்றாள். "அது எங்க வீட்டு வாசலுக்கு வந்துதான் சாணி போடும். அம்மா அதை வாளில அள்ளி ரோஜாச் செடிக்குப் போடுவாங்க. பக்கத்து வீட்டம்மாவுக்கு வயிறு எரியும்."

மண்டபம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் ரோஜாச் செடி கிடையாது.

"மிட்டாய்க்கு இனிமே ரேஷன் கூப்பன் வேண்டாம்னு சொன்ன அன்னிக்கு, ஒரு பை நிறைய வாங்கித் தின்னுட்டு வாத்தியார் ஷூ மேலயே வாந்தி எடுத்தேன். அதுலயும் பாதி மிட்டாயை நத்தை திருடிட்டான்." அவள் வில்ஃபைப் பார்த்தாள். "இல்லைன்னு சொல்லுடா பாப்போம், நத்தை!"

வில்ஃபின் கையிலிருந்த கோப்பை தரையில் விழுந்து உடைந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். "எவ்ளோ அழகா மனப்பாடம் பண்ணியிருக்கா!" என்று ஜூடித் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் மேபலை ஒரு மூலைக்கு அழைத்துப் போனேன். போனில் ரோவினாவின் படத்தை எடுத்துக் காட்டினேன். ரோவினா என் மனைவி. மேபலின் அம்மா. புற்றுநோயில் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. இந்தப் படத்துக்கு முத்தம் கொடுக்காமல் மேபல் தூங்கியதே இல்லை.

"இது யாரு, கண்ணு?"

மரியாதையாக, பொறுமையாகப் பார்த்தாள்.

"தெரியலையே, ஐயா. அழகா இருக்காங்க. உங்க வீட்டம்மாவா?"

ரோவினா போனபோதுகூட நான் இப்படிப் பயப்படவில்லை. அப்போது அவளை நினைத்துப் பார்க்க வீட்டில் இரண்டு பேர் இருந்தோம்.

வில்ஃப் என் சட்டையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"தம்பி, எந்தப் பக்கம் பாத்துத் தட்டினே?"

"ஓடைப் பக்கம். போட்டோவுக்கு வெளிச்சம் வேணும்னு..."

"போட்டோவா!" நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "கடைசிக் கல்லுல பிள்ளை மூஞ்சி சர்ச் கோபுரத்தைப் பாக்கணும்டா. ஊரைப் பாத்துத் தட்டினா ஊரு மண்டைக்குள்ள போகும். வெளிய பாத்துத் தட்டினா, மண்டைக்குள்ள இருக்கறது வெளிய போயிடும். அந்த இடத்துல வேற எது வேணும்னாலும் வந்து உக்காரும்."

"உங்களை நத்தைன்னு கூப்பிட்டது..."

"சிரில். என் சிநேகிதன். அந்த வருஷம் நல்ல மழை. அவசரத்துல அவனைத் திருப்பிப் புடிச்சுத் தட்டிட்டாங்க. வீட்டுக்கு வந்தான், தின்னான், தூங்கினான். ஆனா பெத்தவளையே 'மேடம்'னு கூப்பிட்டான். அறுவடை சமயத்துல ஒரு நாள் எந்திரிச்சு ஓடையைப் பாத்து நடந்து போனான். அவ்வளவுதான்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "திரும்பத் தட்டிப் பாப்போம்னு அவங்கம்மா கால்ல விழுந்து கெஞ்சினாங்க. ஊர்ல ஒருத்தருக்கும் துணிச்சல் வரலை. நடையையே நிறுத்திட்டாங்க."

நான் வெளியே வந்து மேபலின் கையைப் பிடித்துக்கொண்டு கல்லை நோக்கி நடந்தேன். வில்ஃப் வலிக்கும் முழங்காலை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

வயலில் மாலை வெயில் இருந்தது. ஓடையை நெருங்க நெருங்க வெயில் மங்கி, மூடுபனி தரையோடு தவழ்ந்து வந்தது. கல் தெரிந்ததும் மேபல் நின்றுவிட்டாள். இழுத்தேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு அத்தனை பலம் இருக்காது.

"வேணாம், ஐயா."

நான் அவளைத் தூக்கினேன்.

"அங்க ரொம்பக் குளிருது, ஐயா. யாருமே இல்ல. நான் சொன்ன பேச்சு கேப்பேன். தட்டெல்லாம் கழுவித் தரேன்." அவள் முகம் வில்ஃபின் பக்கம் திரும்பியது. "நத்தை, நீயாவது சொல்லுடா."

வில்ஃப் குலுங்கி அழுதார். "மன்னிச்சிருடா சிரில். அது அடுத்த வீட்டுப் பிள்ளைடா."

அப்போதுதான் ஓடைக்கு அப்பாலிருந்து குரல் கேட்டது.

என் மகளின் குரல்.

"அம்மா டோஸ்டை முக்கோணமாத்தான் வெட்டுவாங்க... அம்மாவுக்கு முடி கொட்டினப்ப என்னோட மஞ்சத் தொப்பியைப் போட்டுக்கிட்டாங்க..."

மரங்களுக்குள்ளிருந்து, பாடம் ஒப்பிக்கிறவள் மாதிரி சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் குரல் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது.

என் கையில் இருந்தது துடித்து அழுதது. அதன் கண்ணீர் என் கழுத்தில் பட்டுச் சில்லென்றிருந்தது. அதுவும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். ஆனாலும் என் பிள்ளை அந்தக் கரையில் இருந்தாள்.

கோபுரத்தைப் பார்த்துத் திருப்பிப் பிடித்தேன்.

தட்டினேன்.

ஓடைக்கு அப்பால் குரல் பாதிச் சொல்லில் நின்றது.

"ஆ! வலிக்குதுப்பா! மெதுவான்னு சொன்னேன்ல!"

அவளை அணைத்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா பேரென்ன என்றேன். "ரோவினா. ஏன்ப்பா லூசு மாதிரி கேக்கறே?" என்றாள். அதுபோல் இனிய சொல்லை நான் கேட்டதில்லை.

அன்று அவள் படுக்கப் போனபோதும் ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. படத்துக்கு முத்தம் கொடுத்தாள். போர்வையை இழுத்துக்கொண்டு சொன்னாள்:

"வர்ற வழியில எதிர்ல வந்த அந்தப் பையன் பாவம்ப்பா. அவனுக்கு அவங்க அம்மா மூஞ்சியே மறந்துபோச்சாம். உன்கிட்ட நிறைய இருக்கே, ஒண்ணே ஒண்ணு குடேன்னு கேட்டான். குடுத்தேன்."

"எதைக் குடுத்தே?"

"குடுத்துட்டா அப்புறம் எனக்கு எப்படிப்பா தெரியும்?"

ஒவ்வொன்றாகக் கேட்டேன். டோஸ்ட் இருந்தது. தொப்பி இருந்தது. கடற்கரையில் ரோவினா விழுந்தது, மூன்று பேரும் சேர்ந்து கெடுத்த பிறந்தநாள் கேக், எல்லாம் இருந்தன. தூக்கம் வந்து எரிச்சலோடு பதில் சொன்னாள். கடைசியில், கேட்கவே பயந்ததைக் கேட்டேன்.

மருத்துவமனையில் அந்தக் கடைசி நாள், ரோவினா என்னைத் தேநீர் வாங்கி வரச் சொல்லி வெளியே அனுப்பினாள். நான் திரும்பும்போது மேபல் கட்டிலில் அவளருகே படுத்திருந்தாள். ரோவினா அவள் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இருவரும் சிரித்தார்கள். அது பிள்ளையின் சொத்து, என்றாவது அவளாகச் சொல்லட்டும் என்று நான் கேட்டதே இல்லை.

"அன்னிக்கு நான் டீ வாங்கப் போனேனே, அம்மா உன் காதுல என்ன சொன்னாங்க?"

யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"அம்மா என் காதுல ஒண்ணும் சொல்லலையேப்பா."

அந்த ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்குப் போன பிறகு, நான் தனியாகக் கல்லுக்குப் போனேன். நல்ல வெயில். ஓர் இலைகூட அசையவில்லை. வெகுநேரம் நின்றேன். முட்டாள்தனம் என்று திரும்பினேன்.

நனைந்த கம்பளியின் வாடை.

"அவங்க சொன்னதுல உங்க பேரும் வருது, ஐயா," என்றது ஓடைக்கு அப்பாலிருந்து ஒரு பையன் குரல். "சொல்லட்டுமா? தலையைக் கல்லுல வைங்க. அப்படி இல்ல. என்னைப் பாத்து."

விழுந்தடித்து ஓடி வந்துவிட்டேன்.

ஜூடித்திடம் சொல்லி நடையை நிறுத்தியாயிற்று. வில்ஃப் தினமும் மாலையில் வந்து வாசலில் கிடக்கும் என் பூட்ஸைப் புரட்டி, சேறு இருக்கிறதா என்று பார்க்கிறார். "உன் பிள்ளைக்கு உன்னை விட்டா யாரு தம்பி இருக்கா?" என்கிறார். அவர் சொல்வது சரி. அது எனக்கும் தெரியும்.

இன்று காலை மேபலைப் பள்ளியில் விட்டுவிட்டு வயல் பாதையில் வந்துகொண்டிருந்தேன். ஓடை அங்கிருந்து வெகு தூரம். காற்றே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் அருகில், யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.

இந்த முறை பையனின் குரல் இல்லை.

ரோவினாவின் குரல். கடைசி நாட்களில் இருந்ததுபோலவே, மூச்சு வாங்கிக்கொண்டு.

"எட்மண்ட்கிட்ட..." என்று தொடங்கியது. அதோடு நிறுத்திக்கொண்டது.

மீதியைக் கேட்க நான் எங்கே போக வேண்டும் என்று அதற்கும் தெரியும், எனக்கும் தெரியும்.