சஹனில் விழுந்த குழி

கல்யாண வீட்டில் சஹன் வந்து இறங்கிவிட்டால் நஸ்லியாவுக்கு வேறெதுவும் கண்ணில் படாது. பெரிய தட்டு நிறைய நெய்ச்சோறு, அதன்மேல் பொரித்த கோழி, ஓரத்தில் அன்னாசி அச்சாறு. எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருக்கும் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். அடுத்தவர் பக்கத்தில் கை வைக்கக் கூடாது.

இந்த ஒழுங்கு நஸ்லியாவுக்குத் தெரியும். அவளுடைய கைக்குத்தான் தெரியாது.

அன்றைய கல்யாணத்தில் பக்கத்தில் அவளுடைய ராத்தா இன்ஷிரா உட்கார்ந்திருந்தாள். ராத்தா என்றால் அக்கா. கண்டிக்குப் பக்கத்திலுள்ள கலகெதரையில் ஒரே வீட்டில், ஒரே பானைச் சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இருவரும். ஆனாலும் நஸ்லியா ஈர்க்குச்சி மாதிரி இருந்தாள். இன்ஷிரா குண்டாக இருந்தாள்.

எதிரே வாப்பாவின், அதாவது அப்பாவின், தங்கை ரபீகா மாமி. நல்ல மனுஷிதான், வாய்தான் கொஞ்சம் நீளம். அவர் சஹனை எட்டிப் பார்த்தார்.

“இன்ஷிரா, ஒங்கட பக்கம்தான் முதல்ல குழி விழுந்திரிக்கி. கொஞ்சம் பாத்துச் சாப்பிடுங்க மகள்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இன்ஷிரா கையை எடுத்துக்கொண்டாள்.

“எனக்குப் போதும்” என்று எழுந்து போனாள்.

அந்தக் குழியைத் தோண்டியவள் நஸ்லியா. ராத்தாவின் பக்கத்தில் கோழித்துண்டு பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். உண்மையைச் சொல்லவும் நினைத்தாள். ஆனால் வாய் நிறையச் சோறு. விழுங்கி முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

மறுநாள் முதல் இன்ஷிரா தன் சாப்பாட்டுப் பெட்டியைப் பாடசாலை இடைவேளையில் தங்கையிடம் கொடுக்கத் தொடங்கினாள்.

“நீயே சாப்பிடு. எனக்குப் பசிக்கல்ல.”

முதல் நாள் நஸ்லியாவுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. அடுத்த நாள் பாதி ரொட்டியோடு பெட்டியை மூடிவிட்டாள். ராத்தா பசியோடு இருக்கும்போது ராத்தாவின் ரொட்டி எப்படி இறங்கும்?

இன்ஷிரா வலைப்பந்துப் பயிற்சிக்கும் போகவில்லை. பாடசாலை அணியில் பந்தைப் பிடித்தால் விடாதவள் அவள்.

“ஏன் ராத்தா போகல்ல?”

“நான் ஓடுறதப் பாத்துச் சிரிப்பாங்க.”

ஒருநாள் காலை, பாடசாலைப் படிக்கட்டில் இன்ஷிராவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். நஸ்லியா பயந்தே போனாள். அன்று வீட்டுக்கு வந்ததும் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். குழியைப் பற்றியும் மறைக்கவில்லை.

உம்மா இருவரையும் கண்டிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் தனபாலன் இன்ஷிராவைப் பரிசோதித்தார். நஸ்லியாவால் சும்மா இருக்க முடியவில்லை.

“டாக்டர், ராத்தாவ விட நான்தான் கூடச் சாப்பிடுறேன். ஏன் நான் ஒல்லி?”

“நல்ல கேள்வி. உங்க குடும்பத்தில அக்கா மாதிரி உடம்பு யாருக்கு இருக்கு?”

நஸ்லியா யோசிக்கவே இல்லை. “ரபீகா மாமிக்கு.”

உம்மா இருமினார்.

“உடம்புவாகில ஒரு பங்கு அப்பா அம்மா வழியா வருது. அதைக் கொண்டு வர்றதுதான் மரபணு” என்றார் டாக்டர். “மீதி, நாம சாப்பிடுறது, விளையாடுறது, தூங்குறது. ரெண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும். இன்ஷிரா, பட்டினி கிடந்தா மயக்கம்தான் வரும். நேரத்துக்குச் சாப்பிடுங்க. வலைப்பந்த விடாதீங்க.”

பிறகு நஸ்லியாவைப் பார்த்தார். “நீங்க என்ன விளையாடுறீங்க?”

“படுத்துக்கொண்டு டிவி பாப்பேன்.”

“அது விளையாட்டில்ல. ஒல்லியா இருந்தாலும் ஓடணும்.”

ராத்தாவுக்காக வந்த இடத்தில் தனக்கும் இப்படி ஒன்று காத்திருக்கும் என்று நஸ்லியா எதிர்பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ரபீகா மாமியின் மகன் இப்ஹாமுக்குக் கல்யாணம். இன்ஷிரா கட்டிலை விட்டு எழவில்லை.

“நான் வரல்ல. எல்லாரும் என்ட கையத்தான் பாப்பாங்க.”

“என்ட பக்கத்தில இரிங்க ராத்தா. மத்தத நான் பாத்துக்கொள்றேன்.”

சஹன் வந்தது. மாமியும் வந்து உட்கார்ந்தார். எல்லோரும் ‘பிஸ்மி’ என்று இறைவன் பெயர் சொல்லிக் கை வைப்பதற்குள், நஸ்லியா சோற்றில் விரலால் ஒரு கோடு போட்டாள்.

“இது என்ன விளையாட்டு?” என்றார் மாமி.

“இந்தப் பக்கம் ராத்தாட. இந்தப் பக்கம் என்ட. இனிப் பாத்துக்கொண்டிரிங்க மாமி.”

மாமி பார்த்தார். நஸ்லியாவின் பக்கம் கிடுகிடுவெனத் தேய்ந்து தட்டின் அடி தெரிந்தது. இன்ஷிராவின் பக்கம் கொஞ்சம்தான் குறைந்திருந்தது.

“அப்ப அன்டைக்கி?”

“அன்டைக்கி அந்தக் குழிய நான்தான் தோண்டின. வாயில சோறு இருந்ததால சொல்லேலாமப் போச்சு.” நஸ்லியா ராத்தாவைப் பார்த்தாள். “மன்னிச்சுக்கொள்ளுங்க ராத்தா. மாமி, ராத்தாட உடம்பு வாப்பாட குடும்பத்தால வந்ததாம். குடும்பத்தில ராத்தா மாதிரி உடம்பு யாருக்கென்டு டாக்டர் கேட்டார். நான் ஒங்கட பேரச் சொன்னேன்.”

யாரும் சிரிக்கவில்லை. மாமியின் கை சஹனிலேயே நின்றது.

“எனக்கும் சின்னதில இப்படித்தான் சொன்னாங்க” என்றார் மெதுவாக. “நான் நல்லா ஓடுவேன். அவங்க சிரிச்சதால ஓட்டத்த விட்டேன். பிறகு ஓடவே இல்ல.”

தன் பக்கத்திலிருந்த கோழித்துண்டை எடுத்து இன்ஷிராவின் பக்கம் வைத்தார்.

“சாப்பிடுங்க மகள். தப்பு என்டதான். ஒங்கட மெட்ச் எப்ப? நான் பாக்க வாறேன்.”

இன்ஷிராவின் கண் கலங்கியது. ஆனாலும் சாப்பிட்டாள். கடைசியில் வந்த இனிப்பு வட்டிலாப்பமும் சாப்பிட்டாள்.

திரும்பும்போது இருவரும் மேட்டு வழியாக நடந்தார்கள். இன்ஷிரா முன்னால் போய்விட்டாள். நஸ்லியா பாதியிலேயே இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“ராத்தா, கொஞ்சம் நில்லுங்க. மூச்சு வாங்குது.”

இன்ஷிரா திரும்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது. அவள் இறங்கி வந்து தங்கையின் கையைப் பிடித்தாள்.

“அன்டைக்கி என்ட பக்கத்துச் சோறும் சாப்பிட்டது நீதானே. ஏறு.”